அக்கா நடந்து வந்த படங்கள்

என் நாத்தனாருக்குக் கால் வராமல் போனபோது, அந்தப் பழியைத் தூக்கி ஒரு லென்ஸின் தலையில் போட்டவர் என் வீட்டுக்காரர். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் நான் எப்போதோ சண்டை போட்டு முடித்திருப்பேன். நல்ல மனிதர், வேலையில் கெட்டிக்காரர், அக்கா மேல் உயிரையே வைத்திருந்த தம்பி. இத்தனையும் இருந்தும் கண்ணுக்கு நேரே நடந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டாரே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இவர் ஒரு கேமராக் கடையில் வேலை பார்க்கிறார். கீழே விற்பனையும் வாடகையும், மாடியில் இவருடைய அறை. சந்தைக்குப் புதிதாக ஒரு லென்ஸ் வந்தால் முதலாளி அதை வரவழைத்து இவர் கையில் கொடுத்துவிடுவார். இவர் அதை மாட்டிப் படமாக எடுத்துத் தள்ளி, நல்லதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பார். அது கடையின் இணையப் பக்கத்தில் வரும். இவர் நல்லது என்று சொன்னால்தான் கடையில் வாங்கி அடுக்குவார்கள். கல்யாணப் படம் எடுக்கிறவர்கள், பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவர்கள் எல்லாம், "பூதக்கண்ணாடி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் பணப்பையைத் திறப்பார்கள். பூதக்கண்ணாடி என்பது கடையில் இவருக்கு வைத்த பெயர். இவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

பெயர் சும்மா வரவில்லை. ஒரு படத்தை முழுசாகப் பார்க்கிற பழக்கமே இவருக்குக் கிடையாது. கம்ப்யூட்டரில் போட்ட மறுகணம் பெரிதாக்க ஆரம்பிப்பார். பெரிதாக்கிப் பெரிதாக்கி ஏதாவது ஒரு மூலைக்குப் போய் நின்று, "இந்த இடத்துல கொஞ்சம் மழுங்குது" என்பார். எங்கள் கல்யாண ஆல்பம் வந்த அன்று வீடே கூடி உட்கார்ந்து பார்த்தது. ஆளாளுக்கு என்னையும் இவரையும் கேலி செய்துகொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும் பின்னால் தொங்கிய திரைச்சீலையின் ஓரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். "வலது பக்கம் லென்ஸ் சரியில்ல" என்றார். என் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "உன்னைப் பாத்தாரா இல்லையாடி?" என்று ரகசியமாகக் கேட்டாள். நான் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

லென்ஸ்களிலேயே இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது ஸ்டாண்டர்ட் ஜூம் என்கிற வகையைத்தான். ஒரு பக்கம் திருப்பினால் அறை முழுக்கப் படத்துக்குள் வரும், மறுபக்கம் திருப்பினால் ஒரு முகம் மட்டும் வரும். அதிலும் தொழில்காரர்களுக்கென்று செய்வது தனி ரகம். தூக்கினால் கை வலிக்கும். முன்பக்கக் கண்ணாடி டம்ளர் வாய் அகலத்துக்கு இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே விடுகிற வெளிச்சம் குறையாது. "மத்த லென்ஸெல்லாம் பைக்குள்ள தூங்கும். இது ஒண்ணுதான் சம்பாதிச்சுக் குடுக்கும். இதுல நான் தப்பாச் சொன்னா ஒருத்தன் பொழப்பு போச்சு" என்பார். அந்தப் பயம் அவரிடம் நிஜமாகவே இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் சுவர். கடைக்குப் பின்னால் பூசாத செங்கல் சுவர் ஒன்று உண்டு. முக்காலியில் கேமராவை நிறுத்தி, சுவருக்கு நேராக இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து, அகலக் கோணத்தில், நடுவில், நெருக்கக் கோணத்தில் என்று எடுத்துக்கொண்டே போவார். பிறகு நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்ப்பார். ஒரு மூலை மட்டும் மழுங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். பிறகு படத்தின் ஓரத்தில் விளக்கு விழுகிற மாதிரி வைத்து எடுப்பார், வெளிச்சம் படம் முழுக்கச் சிந்துகிறதா என்று பார்க்க. ஜூம் வளையத்தைக் காதோரம் வைத்துத் திருப்பிக் கேட்பார். பக்கத்துக் கடைக்காரர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் போன் பண்றாரு?" என்று கேட்டாராம்.

இதெல்லாம் கடையில் முடிந்துவிடும். கடைசிச் சோதனை மட்டும் எங்கள் வீட்டு வாசலில். சுவர் நகராது, கல்யாணப் பெண் நகருவாள் இல்லையா? அதனால் ஒருவர் கேமராவை நோக்கி நடந்து வரவேண்டும். நெருக்கக் கோணத்தில், லென்ஸின் வெளிச்சத் துளையை முழுசாகத் திறந்து வைத்து, படபடவென்று படமெடுத்துக்கொண்டே இருப்பார். வருகிறவரின் கண்ணை லென்ஸ் விடாமல் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் தேறியது. கண்ணை விட்டுவிட்டு மூக்குக்கோ காதுக்கோ தாவினால் போச்சு.

அப்படி நடந்து வருகிற வேலை அக்காவுடையது. அக்கா என்றால் இவருடைய கூடப்பிறந்த அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். யாராவது ஏன் என்று கேட்டால், "கவுண்டர்ல உக்காந்து எத்தனை ஆம்பளைங்க சில்லறைக்குச் சண்டை போட்டதைப் பாத்திருக்கேன். அதுல ஒருத்தனை வீட்டுக்கு வேற கூட்டிட்டு வரணுமா?" என்பார். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என்னை உட்காரவைத்து, "இவன் சண்டையே போட மாட்டான். உனக்குச் சண்டை போடணும்னு தோணுச்சுன்னா என்கிட்ட வா, நான் போடுறேன்" என்று சொன்னவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை நீளமான நடைவழி. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். இவருக்கு விடுமுறை நாளில் மதியம் அங்கே வெளிச்சம் சீராக இருக்கும். அக்கா லிஃப்ட் பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும். இவர் வாசலில் முக்காலியோடு நிற்பார். ஒவ்வொரு தடவையும் அதே கட்டம் போட்ட சட்டை, அதே ஷூ, தரையில் ஒட்டிய அதே டேப் மேல் நடை. சட்டை நைந்துபோனபோது அதே துணி தேடி இவர் அலைந்த அலைச்சலில் எனக்கு ஒரு புடவைக் கடையே வாங்கியிருக்கலாம். "எதுவும் மாறக்கூடாது. மாறுனா எது லென்ஸோட தப்பு, எது ஆளோட தப்புன்னு தெரியாது" என்பார். அக்கா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வருவார். "இன்னிக்கு எந்த மாப்பிள்ளை வந்திருக்காரு?" என்று புது லென்ஸை எட்டிப் பார்ப்பார். "ரொம்ப குண்டா இருக்காரே. எனக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டு ராணி மாதிரி நடந்து வருவார். வருஷக்கணக்காக நடந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் ஒரு வேலை தன் பேரில் இருக்கிறது என்கிற சந்தோஷம்.

பிறகு அந்த லென்ஸ் வந்தது. பெரிய கம்பெனி ஒன்று தன் ஸ்டாண்டர்ட் ஜூமை அடியோடு மாற்றிப் புதிதாகச் செய்திருந்தது. வருவதற்கு முன்பே தொழில்காரர்கள் கடைக்குப் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர்ச் சோதனை முடிந்த அன்று இவர் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "மூலையில ஊசி முனையால குத்துன மாதிரி கூர்மை. இவ்வளவு காலத்துல இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல" என்றார். இவர் வாயால் ஒரு லென்ஸைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விடுமுறை நாள் வந்தது. அக்கா நடந்தார். இவர் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டார், பெரிதாக்கினார். முகம் சுருங்கிவிட்டது. தூரத்தில் இருக்கும்வரை கண் துல்லியமாக இருக்கிறது. பாதி வழிக்கு மேல் லென்ஸ் கண்ணை விட்டுவிட்டுச் சட்டைக்குத் தாவுகிறது. கட்டங்கள் பளிச்சென்று இருக்கின்றன, கண் மசமசவென்று. மறுபடியும் நடக்கச் சொன்னார். மறுபடியும் அப்படியே.

"அக்கா, ஏன் இப்படி ஆடிக்கிட்டு வர்ற? நேரா வாயேன்."

"நேராத்தான்டா வர்றேன். உன் டேப்பு கோணலா இருக்கு."

"கேமராவைப் பாத்து நட. கீழ பாக்காத. போன வருஷம் நடந்த மாதிரி நட."

"போன வருஷம் எப்படி நடந்தேன்னு எனக்கு என்ன ஞாபகம்? நடந்தேன், அவ்வளவுதான்."

லென்ஸில்தான் ஏதோ கோளாறு என்று வேறொன்றை வரவழைத்தார். அதிலும் அப்படியே. மூன்றாவதாக இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அக்கா அதே சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். முன்பு போல மாப்பிள்ளை, ராணி நடை எதுவும் இல்லை. வாயை இறுக்கிக்கொண்டு, பரீட்சைக்கு வருகிற மாதிரி வந்தார். நடந்து முடித்ததும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சரியா வந்துச்சா?" என்று கேட்டார். இவர் உதட்டைப் பிதுக்கினார். அப்படிப் பிதுக்கியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் சொல்லாமல் இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே அக்கா கையிலிருந்து டம்ளர் நழுவியது. சட்டையின் பொத்தான்களை அவிழ்க்காமலே தலைவழியாகக் கழற்றினார். கேட்டால், "பொத்தான் துளை சின்னதா இருக்கு" என்றார். ஒருநாள் இவரிடம் போய் நின்றேன். மூன்றாவது லென்ஸின் படங்கள் திரையில் இருந்தன. அக்காவின் ஒற்றைக் கண் திரை முழுக்க விரிந்திருந்தது.

"ஏங்க, அக்காவை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கையும் காலும் சரியில்ல."

"வயசாகுதுல்ல. இங்க பாரு, இமைகூடத் தெரியல."

"அப்ப வேற யாரையாவது நடக்க வச்சுப் பாருங்க. நான் வேணா நடக்குறேன்."

"ஆள் மாறிட்டா பழைய படங்களோட ஒப்பிட முடியாதும்மா. அக்கான்னா மாறாது. அதான் அக்காவை வச்சுப் பண்றது."

செங்கல் சுவரைப் போல அக்காவும் மாறமாட்டார் என்று நினைத்துவிட்டார். வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. சாதாரணமாகப் பார்க்கிறவன், "என்னக்கா, காலுக்கு என்ன?" என்று கேட்டிருப்பான். இவர் மட்டும்தான் லென்ஸுக்கு என்ன என்று கேட்டார். வைத்தியம் பார்க்கவேண்டும் என்று நான் மறுபடியும் பேச்செடுத்தபோது, அக்காவே, "ஷூ தேஞ்சு போச்சும்மா, வேற ஒண்ணும் இல்ல. அவன் வேலையில இருக்கான், தொந்தரவு பண்ணாத" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இவர் எழுதிக் கொடுத்தார். சுவரில் அற்புதம், ஆளில் நம்பமுடியாது, நடந்து வருகிறவரின் கண்ணைக் கடைசிவரை பிடித்து வைக்கத் தெரியவில்லை, கல்யாண வேலைக்கு எடுக்கவேண்டாம் என்று. கடையில் அந்த லென்ஸை வாங்கி அடுக்கவில்லை. கேட்டு வந்தவர்கள் பழைய லென்ஸோடு திரும்பிப் போனார்கள். வெளியூரில் அதை வாங்கிய ஒரு புகைப்படக்காரர் மட்டும் கடைக்கே வந்து சண்டை பிடித்தார். "என்கிட்ட இருக்குங்க. ஓடுற குழந்தையையே விடாமப் பிடிக்குது. நீங்க என்ன இப்படி எழுதிட்டீங்க?" என்றாராம். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவரு பெருசாக்கிப் பாத்திருக்க மாட்டாரு" என்று என்னிடம் வந்து சொன்னார்.

அக்கா ஒருநாள் காலை குளியலறை வாசலில் விழுந்தார். வழுக்கவில்லை. இடறவும் இல்லை. கால் அவர் சொன்ன இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். தூக்கி உட்காரவைத்தபோது, "தரை எங்க இருக்குன்னே தெரியலம்மா" என்றார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் கழுத்தைப் படம் பிடித்தார்கள். கழுத்தெலும்பு தேய்ந்து, உள்ளே போகிற தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறது என்று டாக்டரம்மா காட்டினார். கழுத்தில் நசுங்கினால் காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமாம். வலியே இல்லாமல் இப்படி ஆகிறவர்களும் உண்டாம். உடனே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்றார். செய்தால் பழையபடி நடப்பாரா என்று இவர் கேட்டார். அது மட்டும்தான் எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

"அது எப்ப ஆரம்பிச்சதுங்கிறதைப் பொறுத்தது. சமீபத்துலன்னா நிறைய திரும்பக் கிடைக்கும். ரொம்ப நாளாச்சுன்னா, இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். நடை எப்பலேருந்து மாறுச்சு, யாராவது கவனிச்சீங்களா?"

அக்கா, "இப்பதான், ஒரு ரெண்டு மாசமா" என்றார். இவர் முகத்தைப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது. "என்கிட்ட படம் இருக்கு டாக்டர். பாத்துச் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வருஷவாரியாக எல்லாம் பத்திரமாக இருந்தது. ஒரு படத்தைத் திறந்தார். கை தன்பாட்டில் பெரிதாக்கப் போனது. "பெருசாக்காதீங்க" என்றேன். முழுப் படத்தையும் திரையில் வைத்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார். நான் விரலை வைத்துக் காட்டினேன். "காலைப் பாருங்க."

பழைய படங்களில் அக்கா குதிகாலை ஊன்றி, முன்பாதம் தூக்கி, ஷூவின் அடிப்பாகம் தெரிய வீசி நடந்து வருகிறார். கண் நேராக எங்களைப் பார்க்கிறது. சிரிப்புக்கூட இருக்கிறது. அடுத்த வருஷத்துப் படங்களில் அடிப்பாகம் தெரியவில்லை. அதற்கும் அடுத்ததில் இரண்டு கால்களும் அகன்றுவிட்டன, டேப்பின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு கை ஜன்னல் பக்கத்துச் சுவரைத் தேடுகிறது. எந்த லென்ஸை எந்தத் தேதியில் சோதித்தார் என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. அவை எல்லாவற்றிலும் இவர் அக்காவின் கண்ணை அளந்து மதிப்பெண் போட்டிருந்தார்.

கடைசியில் அந்தப் புது லென்ஸ். முதல் சில படங்களில் அக்கா எங்களைப் பார்க்கிறார். பாதி வழி வந்ததும் தலை குனிந்துவிடுகிறது. கால் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார், ஏனென்றால் தரை அவருக்குத் தெரியவில்லை. குனிந்த முகத்தில் லென்ஸ் கண்ணைத் தேடியிருக்கிறது. கண் கிடைக்காமல் சட்டையைப் பிடித்திருக்கிறது. மூன்று லென்ஸும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி. லென்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. இருந்ததை இருந்தபடி எடுத்துக் கொடுத்திருக்கிறது.

"கீழ பாக்காதன்னு சொன்னேன்" என்றார் இவர். அவர் அழுதார். இவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை எனக்கு. சொன்னால் பொய்யாகியிருக்கும்.

டாக்டரம்மா அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கயே ஆரம்பிச்சிருக்கு" என்றார். இரண்டு வருஷத்துக்கும் முந்தைய படம் அது. "இவ்வளவு தெளிவா யாரும் எனக்குக் கொண்டுவந்து காட்டினதில்ல" என்று வேறு சொன்னார். பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அறுவைச் சிகிச்சை நாளன்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்திருந்தார். சும்மா இருக்கமுடியாமல் அவர்தான் அக்காவின் நடையைப் பற்றிப் பேச்செடுத்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபிறகு அக்கா அந்த நடைவழியில் தனியாக நடந்து பழகிக்கொண்டிருந்தாராம். சுவரைப் பிடித்துக்கொண்டு போவது, டேப் மேல் திரும்பி வருவது, மறுபடியும் போவது. என்ன இது என்று தையல்காரம்மா கேட்டதற்கு, "தம்பியோட டெஸ்ட்டு என்னால கெட்டுப்போகுது. நடை சரியா வரல. அவன்கிட்ட சொல்லிடாதீங்க, வேற யாரையாவது நடக்க வச்சிருவான்" என்றாராம். உடற்பயிற்சி மாதிரி ஏதோ செய்கிறார் என்று அந்தம்மாவும் விட்டுவிட்டார். இவர் இதைச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறு வாரம் இவர் கடைக்குப் போய், எழுதியதைத் திருப்பி எழுதினார். லென்ஸில் குறை இல்லை, நடந்து வந்தவருக்கு உடம்பு சரியில்லை, அதைக் கவனிக்காமல் லென்ஸைக் குறை சொன்னது என் தவறு என்று. முதலாளி படித்துவிட்டு, "மொதல் வரி போதும்பா. வீட்டு விஷயம் எதுக்கு?" என்றாராம். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இவர் மாடிக்கு ஏறிவிட்டார். கடை இப்போது அந்த லென்ஸைத்தான் அதிகம் விற்கிறது. முன்பு திரும்பிப் போனவர்களில் ஒருவர், "அப்பவே வாங்கியிருப்பேனே பூதக்கண்ணாடி" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவரிடம் கேட்பது சுலபம்.

அக்காவிடம் கேட்டது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்துப் பட்டையோடு படுத்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால உன் காலு போச்சுக்கா" என்றார். அக்கா கூரையைப் பார்த்தார். "ஆமாடா" என்றார். "இல்லன்னு சொல்லத்தான் பாத்தேன். வரல." பிறகு அவரே, "நானும்தான் சொல்லல. போ, போய் டீ வாங்கிட்டு வா" என்றார். அவர் அப்படி ஒத்துக்கொண்டதில் எனக்கு ஒரு நிம்மதி. அக்கா இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டாவது பாதியைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இதற்கு மேல் போகாமல் நின்றது. போனது திரும்பவில்லை. கை கொஞ்சம் பரவாயில்லை, பெரிய பொத்தானாக இருந்தால் போட்டுக்கொள்கிறார். நாலு கால் வைத்த ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். வெளியே போனால் சக்கர நாற்காலி. டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் வந்து பார்த்தபோது, "என்னை வச்சுத் தள்ளுற வண்டிக்கு டிக்கெட் கிடையாது" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். அவர்கள் போனபிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் இவர் கடையிலிருந்து வந்ததும் அக்காவை நடைவழிக்குக் கூட்டிப்போவார். தரையில் இருந்த டேப்பை எப்போதோ பிய்த்தாயிற்று. அக்கா ஊன்றுசட்டத்தைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து வருவார். இவர் அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, "குதிகாலை ஊனுக்கா, முன்னாடி தூக்கு, அவசரப்படாத" என்று சொல்லிக்கொண்டு போவார். தூக்குகிற ஒவ்வொரு அடியையும் இமைகொட்டாமல் பார்ப்பார். அக்கா ஏதாவது கதை சொன்னால், ம் என்பார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டால் தெரியாது.

நேற்று நான் துணி எடுக்க ஜன்னலோரம் நின்றிருந்தேன். பாதி வழியில் அக்கா நின்றுவிட்டார்.

"என்னக்கா, வலிக்குதா?"

"வலிக்கல."

"இடது காலு இன்னும் கொஞ்சம் தூக்கணும். தூக்கு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"பாத்துக்கிட்டேதான் இருக்க. முன்னாடியெல்லாம் கண்ணையே பாத்த. இப்ப காலையே பாக்குற. ரெண்டுக்கும் நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்டா தம்பி. என்னைக் கொஞ்சம் பாரேன்."

இவர் நிமிர்ந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், அக்காவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஊன்றுசட்டம் லேசாக நகர்ந்து, அவருடைய இடது கால் தரையில் இழுபட்டது. இவருடைய பார்வை உடனே கீழே போய்விட்டது.